அண்ணாச்சி வெட்டிய விமானம்

செல்லத்துரை அண்ணாச்சி போய்விட்டார் என்று அவர் மகள் முலுண்டிலிருந்து போன் செய்தாள். நான் தாராவியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். "தூக்கத்துலயே போயிட்டாவ சித்தி" என்றாள். அடுப்பை அணைத்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கோவண்டியில் பழைய இரும்பு உடைக்கிற பங்கார் யார்டில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் யார்டில் முகாதம், ஆட்களை வேலை வாங்குகிறவர். நான் காலையில் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் சமைத்துவிட்டு, மதியம் யார்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவள். ஒரு நாள் பெரிய டிரெய்லரில் பழைய ரஷ்ய விமானம் ஒன்று வந்து இறங்கியது. யாக் நாற்பது என்று பெயர். அண்ணாச்சி வெளிநாட்டில் அதே மாதிரி விமானங்களைக் கழுவியவர். என்னை வாலுக்கு அடியில் கூட்டிப்போய் அங்கிருந்த படியைக் காட்டினார்.

"பாத்தியா மாரி, இதுக்கு யாரும் ஏணி கொண்டாந்து வைக்க வேண்டாம். தானே வயித்தத் தொறந்து படியை எறக்கும். டவுன் பஸ்ஸு மாதிரி. சின்ன ஊருக்குன்னே செஞ்சது."

கழற்றிப் போட்டிருந்த இறக்கையைக் காட்டினார். மற்ற ஜெட் விமானங்களைப் போலப் பின்னால் சாயாமல் நேராக இருந்தது. "அதனாலதான் மெதுவா வந்தாலும் விழாது. மண் தரையிலயும் எறங்கும்." வாலைச் சுற்றி மூன்று இஞ்சின் இருந்த இடம். "ஏறுறது முப்பது பேரு, அதுக்கு மூணு இஞ்சின். எண்ணெய மடக்கு மடக்குன்னு குடிக்கும், எம் மச்சான் கணக்கா" என்றார். மச்சான் பக்கத்திலேயே நின்றார். எல்லோரும் சிரித்தோம்.

அன்றைக்கு விமானத்துக்கு உள்ளே நின்றுகொண்டுதான் அந்த யோசனையைச் சொன்னார். "இத வெட்ட வேண்டாம் மாரி. மொதலாளி சேட்டுகிட்ட நான் பேசிட்டேன். உள்ள பெஞ்சு போட்டு மெஸ் நடத்துவோம். அடுப்பு ஒன்னோடது." சொல்லிவிட்டு இறங்கிப் போய் விமானத்தின் மூக்கில் மூன்று பட்டை திருநீறு இழுத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். திருநீறு பூசிய சாமான்மேல் நம் யார்டில் யாரும் கேஸ் கட்டர் வைப்பதில்லை. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே அவர்தான். அதை நம்பித்தான் நான் மாட்டுங்கா வேலையை விட்டேன்.

தங்கை பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். விமானம் துண்டு துண்டாகக் கிடந்தது. கட்டர் அண்ணாச்சி கையிலேயே இருந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"சேட்டு மாத்திச் சொல்லிட்டாரு."

"திருநீறு பூசினீங்களே?"

என் முகத்தைப் பார்க்கவில்லை. "மழையில கழுவிட்டுப் போச்சு" என்றார்.

பங்குனி மாதம் பம்பாயில் ஏது மழை? ஒரு போன் செய்திருந்தால், மெஸ் நடக்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. அவரும் வந்து பேசவில்லை.

துக்கத்துக்குப் போனேன். அண்ணாச்சி சம்சாரம், எங்கள் மைனி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுகைக்கு நடுவே, "நீ பயந்து போயி வேண்டாம்னுட்டியாமே. மாரி கடைசி நேரத்துல கால வாரிட்டா, இல்லன்னா அந்த மெஸ்ஸு நடந்திருக்கும்னு சொல்லிக்கிட்டே இருப்பாவ" என்றார்கள். சுற்றி இருந்த நம் ஆட்கள் தலையை ஆட்டினார்கள். இத்தனை வருஷம் நீங்கள் எல்லோரும் அதைத்தான் நம்பியிருக்கிறீர்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

"நான் பயப்படல மைனி. இருந்த வேலையையும் விட்டுட்டு வந்து நின்னேன்" என்றேன்.

மச்சான் மெல்ல, "விடு மாரி, போனவரப் போயி..." என்றார்.

"போனவரு எம் பேரையும் சேத்துல்லா எடுத்துட்டுப் போறாரு" என்றேன். மைனி என் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதேன். நான் போன இடத்தில் எல்லாம், "ஒனக்கு இதெல்லாம் புரியாது" என்றுதான் சொல்வார்கள். அண்ணாச்சி ஒரு நாளும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அந்த மரியாதையை நான் வைத்துக்கொள்கிறேன். அது அவர் கொடுத்தது. அவர் சொன்ன பொய்யை மட்டும் என்னால் வைத்துக்கொள்ள முடியாது. இனி யாராவது அந்த விமானத்தைப் பற்றிப் பேசினால், மாரியம்மா பின்வாங்கவில்லை என்று சொல்லுங்கள்.