கதவு திறக்காத கௌபாய் படம்

படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவனைப் போல ஒரு அசட்டு ஜீவன் உலகத்தில் வேறு இல்லை என்பது, தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டிக் கருத்துக் கேட்கிற மைக்கக்காவின் தீர்மானமான அபிப்பிராயம். இரண்டு மணி நேரம் இருட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், வெளிச்சத்தையும் மைக்கையும் கண்டதும், படம் எடுத்தவன் இவனுடைய ஒப்புதலுக்காகப் பட்டினி கிடப்பது போல நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் லேக்" என்பான். சொல்லும்போது அவளைப் பார்க்க மாட்டான். அவள் தோளுக்குப் பின்னால் இருக்கிற கேமராவைத்தான் பார்ப்பான். மைக்கைப் பிடித்திருப்பது ஒரு பெண்ணா, இரும்புக் கம்பியா என்பது எவனுக்கும் தெரியாது.

அவளுக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வேலைக்கு வருமுன் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார் கேட்கும் தொலைபேசியில் உட்கார்ந்திருந்தாள். மனிதர்கள் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையையும் அங்கேயே துவைத்துப் பிழிந்து அனுப்பிவிட்டார்கள். குரல் மட்டும் தேனாக மிச்சமிருந்தது. அதற்காகத்தான் ஒரு சினிமா வீடியோ சேனலின் ஓனர் அவளைக் கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்தார். புதுப் படம் வந்தால் முதல் காட்சி முடியும் நேரம் தியேட்டர் வாசலில் நிற்க வேண்டும். போகிறவர்களை மறித்துக் கருத்துக் கேட்க வேண்டும். படம் பார்க்க வேண்டிய அவசியமில்லை. அவளும் பார்ப்பதில்லை.

வீட்டில் அவளும் அம்மாவும்தான். இரண்டே அறை. அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நீராவியில் வெந்துவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் அவள் பேசுவதெல்லாம் சூடாகவே இருக்கும். மகளுக்கு வந்த மாப்பிள்ளைகளை ஒவ்வொருவனாக மகள் நிராகரித்தபோது அம்மா வருத்தப்படவில்லை. "சரியா சொன்னே. அவன் காதப் பாத்தியா, கப் பிடி மாதிரி" என்று கூடச் சேர்ந்துகொண்டாள்.

அப்பா என்று ஒருவர் இருந்தார். தெருவில் அவருக்குத் தொப்பி என்று பெயர். அகல விளிம்பு வைத்த தோல் தொப்பியை மழையிலும் வெயிலிலும் கழற்றாத மனிதர். கௌபாய் படப் பைத்தியம். ஓட்டியது என்னவோ குளிர்பான வண்டி; நடப்பது மட்டும் இரண்டு இடுப்பிலும் துப்பாக்கி தொங்குவது போல. வாடகை கேட்டு வந்தவரிடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார். வாடகையைப் பின்வாசல் வழியாக ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவது அம்மா. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் காலை, "ஒரு இடத்துல கட்டிப்போட்டா எனக்கு மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனவர்தான். பிறகு ஆளும் இல்லை, பேச்சும் இல்லை. அம்மாவும் தேடவில்லை. "போன சனியன திரும்பக் கூப்பிட நான் என்ன பைத்தியமா?" என்றாள். அதோடு அந்த வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. கௌபாய் படம் என்றுதான் சுவரொட்டி சொன்னது. தொப்பி, குதிரை, புழுதி, சிவந்த வானம் எல்லாம் இருந்தன. உள்ளே போனவர்களுக்குத்தான் விஷயம் தெரிந்தது. படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே கதாநாயகன் ஊரைக் காப்பாற்றுகிறேன் என்று குதிரை ஏறிப் போய்விடுகிறான். கேமரா அவனோடு போகவில்லை. வீட்டிலேயே நின்றுவிட்டது. அவன் மனைவி கிணறு தோண்டுகிறாள், மாடு விற்கிறாள், காய்ச்சலில் ஒரு பிள்ளையைப் பறிகொடுக்கிறாள். கடைசியில் நரைத்த தாடியோடு அவன் வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கவில்லை. அவ்வளவுதான் படம்.

வாசலில் அன்று கூத்துதான்.

"மொத்தப் படத்துக்கும் ஒரே ஒரு தடவ சுடுறாங்க. அதுவும் நோய் வந்த மாட்ட!" என்றான் டை கட்டிய ஒருவன், தன்னையே சுட்டுவிட்டது போல.

"குதிரைய நல்லா கட்டிப் போட்டு வச்சிருக்காங்க. அது பாவம், அதுக்கே போரடிச்சிருக்கும்," என்றான் அவன் சிநேகிதன். இருவரும் கையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

தாடியும் துணிப்பையுமாக வந்த ஒருவர், "இது வெறும் படம் இல்லைங்க, ஒரு கட்டுடைப்பு," என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் பேசி, எதை எது உடைத்தது என்று அவருக்கே பிடிபடாமல் போய், "ஸோ, அப்படி" என்று முடித்தார்.

"அவ பாத்திரம் கழுவுறத நான் ஏன் டிக்கெட் எடுத்து வந்து பாக்கணும்? எங்க வீட்டு சிங்க்ல அப்படியே கெடக்கு," என்றாள் ஒரு பெண். அன்றைக்கு மைக்கக்கா உள்ளூர மதித்த ஒரே கருத்து அதுதான்.

மற்றதெல்லாம் ஒரே அச்சு. முக்கால்வாசி ஆண்கள் சொன்னது, "கதவ தொறந்திருக்கலாம்." அவள் தலையை ஆட்டிக்கொண்டே, தேன் குரலில் "நன்றி சார்" என்று ஒவ்வொருவனையும் வழியனுப்பினாள்.

கூட்டம் வடிந்துகொண்டிருந்தபோதுதான் அகல விளிம்புத் தொப்பி ஒன்று படியிறங்கி வந்தது. நடையை முதலில் அடையாளம் கண்டாள். வயிறு தொங்கிவிட்டது, ஒரு கால் லேசாக இழுத்தது. ஆனாலும் இடுப்பில் இல்லாத துப்பாக்கிகள் அப்படியே தொங்கின.

கேமராக்காரர் அவள் முதுகைத் தட்டினார். "மேடம், அந்தத் தொப்பிய விட்றாதீங்க. செம கெட்டப்பு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கை பழக்கதோஷத்தில் நீண்டுவிட்டது.

"படம் எப்படி இருந்துச்சு சார்?"

அவர் லென்ஸைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "இது கௌபாய் படமாம்மா? கௌபாய்ன்னா யாரு? ஊர் சுத்தப் பொறந்தவன். அவனப் போய் அடுப்படில வச்சுத் தேடுனா கெடைப்பானா? ஒரு ஆம்பள, எத்தன கஷ்டப்பட்டு, திரும்பி வந்து கதவத் தட்டுறான். தொறக்க மாட்டேங்கறா! நெஞ்சுல ஈரம் இல்லாதவள எல்லாம் கதாநாயகின்னு காட்டுறாங்க."

தனக்குள் பயமோ பாசமோ கிளம்பும் என்று எதிர்பார்த்தாள். கிளம்பியது அருவருப்புதான். இந்த மனிதரையா சிறு வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்பார்த்தோம்?

"வீட்டுல என்ன சொல்றாங்க சார் படத்தப் பத்தி?" என்று கேட்டாள்.

ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை அவர். "எங்க வீட்டுக்காரம்மாகிட்ட இப்பத்தான் போன்ல கதைய சொன்னேன். அவளே கேட்டாளே, 'வாசல்ல நிக்கற புருஷனுக்குக் கதவத் தொறக்காதவளும் ஒரு பொம்பளையா'ன்னு. முப்பது வருஷக் குடும்பம்மா. எனக்குன்னா உயிர விடுவா."

"நன்றி சார்," என்றாள்.

அலுவலகத்தில் அதை வெட்டித் தூர எறியப் பார்த்தாள். ஓனர் திரையை எட்டிப் பார்த்துவிட்டார். "யாரும்மா இது? முகப்புப் படத்துல இவரையே போடு."

"எல்லாரும் சொன்னதத்தான் சார் இவரும் சொல்றாரு."

"சொல்றது யாருக்கும்மா வேணும்? தொப்பியப் பாரு!"

வீடியோ பற்றிக்கொண்டது. "தொப்பி ஐயா சொல்றது நூத்துக்கு நூறு", "இவர மாதிரி புருஷன் கிடைக்க குடுத்து வச்சிருக்கணும்" என்று ஜனங்கள் கருத்துகளைக் கொட்டினார்கள். வேறு சேனல்கள் அவரைப் பிடித்து, குடும்ப வாழ்க்கையைப் பற்றியெல்லாம் பேசவைத்தன. குடும்பத்தைப் பற்றி! மைக்கக்கா ஒவ்வொன்றையும் முழுசாகப் பார்த்தாள். பல்வலியை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல.

அம்மாவிடம் மறைத்து வைத்துப் பிரயோஜனமில்லை. சலவைக்கூடத்தில் யாராவது ஒருத்தி காட்டிவிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தானே போனை நீட்டினாள்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். முதலில் சொன்னது, "பல்லு கட்டியிருக்கான்." பிறகு வீட்டுக்காரம்மா சொன்னதாக அவர் சொன்ன இடம் வந்தது. அம்மா போனைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னேனாமா?"

"வேற வீட்டுக்காரம்மாவா கூட இருக்கலாம்."

"முப்பது வருஷங்கறானே. எவ தாங்குவா இவன முப்பது வருஷம்? நான்தான் அது." அம்மாவின் மூக்கு சிவந்தது. அழப்போகிறாள் என்று மகள் நினைத்தாள். அம்மா எழுந்து செருப்பை மாட்டினாள். "வா. நான் சொன்னதா சொல்றானே, அந்தப் படம் என்னன்னு பாத்துட்டு வரலாம்."

மைக்கக்கா வாழ்க்கையில் அபூர்வமாக, கருத்துக் கேட்காமல் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்த்தாள். கிணறு தோண்டுகிற இடத்தில் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அம்மா அசையாமல் இருந்தாள். ஒரே ஒரு தடவை, "விரிப்ப இப்படியா உதறுவா?" என்று முணுமுணுத்தாள்.

வெளியே கேமராக்காரர் வேறு படத்துக்காக நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும், யாரென்று தெரியாத அம்மா பக்கம் கேமராவைத் திருப்பி, "பெரியம்மா, படம் எப்படி?" என்றார்.

அம்மா லென்ஸைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"தாழ் போட்டது சரி. ஆனா போட்டுட்டு ஜன்னல் வழியா ஏன் எட்டிப் பாக்கறா? கண்ணக் கசக்கிட்டு நிக்கறா. அது எனக்குப் பிடிக்கல. இத்தன வருஷம் கழிச்சு வந்து தட்டறவன் யாரா இருந்தா என்ன? காத்துல கதவு ஆடுதுன்னு நெனச்சுக்கிட்டு வேலையப் பாக்க வேண்டியதுதானே. படம் எடுத்தவன் ஆம்பளையா இருப்பான்."

மைக்கக்கா அதை ஒரு வார்த்தை வெட்டாமல், தொப்பி பேசியதற்கு அடுத்து ஒட்டி, ஒரு குறிப்பும் போடாமல் வெளியிட்டாள். ஜனங்கள் வழக்கம் போலத் தங்கள் தரத்தைக் காட்டினார்கள். "கிழவிக்குப் படமே புரியல", "இந்தம்மா புருஷன் பாவம்", "தொப்பி ஐயா சம்சாரத்தப் பாத்துக் கத்துக்கோ பாட்டி." மகள் வாசிக்க வாசிக்க அம்மா துணி மடித்தாள். "இத்தன பேருக்கும் வேலைவெட்டி ஒண்ணும் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத் தொலைபேசி அடித்தது. எடுத்தது அவள்தான்.

"நான் தொப்பி ஐயா பேசறேன். எனக்கப்புறம் ஒரு அம்மா பேசற மாதிரி போட்டிருக்கீங்களே, அத எடுத்துடணும்." குரலில் லென்ஸுக்கு முன்னால் இருந்த மிடுக்கு இல்லை.

"ஏன் சார்? அவங்க பார்வையாளர். அது அவங்க கருத்து."

"அது நல்லா இல்லம்மா. எடுத்துடுங்க."

"அந்தம்மா உங்களுக்கு யாரு சார்?"

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. மூச்சு முட்டுகிற சத்தம் அவளுக்குப் பழகியதுதான்; புகார்த் தொலைபேசியில் நிறையக் கேட்டிருக்கிறாள்.

"யாருமில்ல," என்றார் கடைசியில்.

"அப்ப உங்களுக்கு என்ன சார் பிரச்சினை?"

"நீ யாரும்மா பேசறது? குரல எங்கேயோ கேட்டிருக்கேன்."

"வாசல்ல மைக் பிடிச்சுட்டு நிப்பேனே, அவதான்."

"ஓ," என்றார் அவர். அவள் முகம் அவருக்கு நினைவில் இருக்க வாய்ப்பே இல்லை. அதற்காக வருத்தப்படலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த அளவுக்கு அந்த ஆள் தேறமாட்டார் என்று பட்டது.

தேன் குரலில், "அழைத்தமைக்கு நன்றி சார்," என்று சொல்லி வைத்துவிட்டாள். தொப்பி அதன் பிறகு எந்தச் சேனலிலும் வாய் திறக்கவில்லை. பத்து நாளில் ஜனங்களும் மறந்தார்கள். வேறு யாரோ ஒருவர் கிளியைத் தோளில் வைத்துக்கொண்டு படம் பார்க்க வந்திருந்தார்.