ஐந்தாவது படியும் எங்கள் லாரியும்

பிள்ளைகளா, நம் வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் நின்ற அந்த மிலிட்டரி லாரியை ஏன் கொடுத்துவிட்டேன் என்று இன்றைக்கும் கேட்கிறீர்கள். வாயால் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாம் கிழக்குத் தாம்பரத்தில் மனை வாங்கி வீடு கட்டி வந்தோம். சுற்றிலும் முள்ளுச்செடிதான். எங்கே வேண்டுமானாலும் வண்டியைத் திருப்பலாம். நான் பல்லாவரம் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். பத்தாவது, அப்புறம் ஐ.டி.ஐ., அவ்வளவுதான் என் படிப்பு. திரிசூலம் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் அந்த லாரியைப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போருக்காகக் கப்பலில் வந்த வண்டி. போர் முடிந்து ஏலத்தில் போய், மரம் ஏற்றி, கல் ஏற்றி, கடைசியில் டயர் இல்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. சப்பை முகம். முன் கண்ணாடி ஏறுமாறாகச் சாய்ந்திருக்கும், மேல்பக்கம் வெளியே தள்ளி, கீழ்ப்பக்கம் உள்ளே போய். எஞ்சின் டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில். அப்படி ஒரு வண்டியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தார்கள். பழைய டயர் நாலு மாட்டி, வேறு லாரியில் கட்டி இழுத்து வந்தேன்.

உங்கள் அம்மா வாசலில் நின்று பார்த்தாள். "ஊர்ல எல்லாரும் டிவி வாங்கறாங்க. நீங்க என்னடான்னா யுத்தத்தையே வாங்கிட்டு வந்து நிறுத்தறீங்க?"

"ரெடி ஆனதும் இதுலதான் எல்லாரையும் கோவளம் கூட்டிட்டுப் போகப் போறேன்" என்றேன்.

விளையாட்டாகச் சொன்ன வார்த்தை. நீங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டீர்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "அப்பா, இந்த வாரமா?" என்று கேட்பீர்கள். கொஞ்ச வருஷம் போனதும் கேட்பதை விட்டுவிட்டீர்கள். கேட்காமல் இருந்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வேலை அப்படி இழுத்தது. ஷிப்ட் முடிந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து, குளித்துச் சாப்பிட்டால் கண் சொருகும். ஞாயிறுதான் கிடைக்கும். அதிலும் கல்யாணம், காதுகுத்து, ரேஷன் கடை. வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய், என் நண்பர், அவர் மட்டும் சலிக்காமல் வருவார். இரண்டு பேரும் புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குவோம். இந்த வண்டிக்கென்று எந்த சாமானும் கிடைக்காது. வேறு வண்டியின் கார்புரேட்டரை வாங்கி, அடித்தட்டை நானே கடைந்து பொருத்தினேன். பிரேக் பைப் துருப்பிடித்து உள்ளே மாவாகக் கொட்டியது. தரைத் தகடு முழுவதும் பாய் புதிதாக வெல்டிங் அடித்தார்.

"மச்சான், இன்னும் இன்னா பாக்கி கீது?" என்பார்.

"ஸ்டீயரிங் பாக்கி. கியர்பாக்ஸ் பாக்கி."

"அப்ப ஆரன் மட்டும் ரெடியா? அடி, கேப்போம்."

ஆரனும் அப்போது ரெடி இல்லை.

இதற்குள் தெரு மாறிக்கொண்டே வந்தது. முள்ளுச்செடி போய் வீடுகள் வந்தன. மழைக்குத் தண்ணீர் நின்றது என்று தெருவுக்கு மண் அடித்து உயர்த்தினார்கள். தெரு உயர்ந்ததும் வீடுகள் பள்ளமாயின. அதனால் புதிதாகக் கட்டியவர்கள் எல்லாரும் தெருவை விட உயரமாக அடித்தளம் போட்டுக்கொண்டார்கள். அப்படி உயர்த்தினால் வாசலுக்குப் படி வேண்டுமே. நம் தெரு பெரிய ரோட்டுக்குத் திரும்பும் முனை வீட்டில் நாலு படி கட்டினால் சரியாக இருந்திருக்கும். ஆனால் வாசல்படி இரட்டைப்படையில் இருக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லி ஐந்தாக்கினார்கள். அந்த ஐந்தாவது படி தெருவுக்குள் வந்து உட்கார்ந்தது. சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். அந்த வழியாகத்தான் தினம் ஸ்டேஷனுக்குப் போனேன்.

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிறு காலை எஞ்சின் பிடித்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றி என் தோள் கழன்றுவிட்டது என்று நினைத்தபோது, ஒரு இருமல், அப்புறம் ஒரு முக்கல், அப்புறம் நிற்காமல் ஓடியது. தெருவே வந்துவிட்டது. முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தேன். பிரேக் பிடித்தது. பாய் முனை வரைக்கும் நடந்து போய், கயிறு பிடித்து அளந்துவிட்டுத் திரும்பி வந்தார். முகம் சரியில்லை.

"மச்சான், வண்டி ரெடி. தெரு ரெடியில்ல."

திரும்பும் இடத்தில் ஒரு முழம் இடித்தது. எந்தப் பக்கம் ஒடித்தாலும் ஐந்தாவது படியில்தான் சக்கரம் ஏறும்.

"வுடு, வூட்டாண்டயே முன்னும் பின்னும் ஓட்டிக்கினு இரு. பெட்ரோலும் மிச்சம்" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

முனை வீட்டு அம்மாவிடம் உங்கள் அம்மாவே போய்க் கேட்டாள். நான் பின்னால் நின்றேன். அந்த அம்மாவுக்குத் தர்மசங்கடம். அவர்கள் பெண்ணைப் பார்க்க அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

"அக்கா, நீங்க கேட்டு நான் இல்லன்னு சொல்லுவேனா? இடிச்சுக்கட்டும். ஆனா ஒரே நாள்தான். நாலு படியோட வாசல் ராத்திரி இருக்கக்கூடாது. சாயந்தரமே மேஸ்திரி வந்து கட்டிடுவாரு." அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணா, திரும்பத் திரும்ப இடிக்கச் சொல்லாதீங்க. எனக்குப் பொண்ணு இருக்கு" என்றார்.

அதாவது, லாரி வெளியே போகலாம். படி கட்டிய பிறகு வீட்டுக்குத் திரும்பி வர முடியாது; அதற்குள் திரும்பி வந்துவிட்டால் மறுபடி வெளியே எடுக்கவே முடியாது. ரோட்டோரம் விட்டால் ஒரே வாரத்தில் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சினிமா ஷூட்டிங்குக்குப் பழைய வண்டி வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் முன்பே வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். அவரிடம் கொடுத்தால்தான் உண்டு. இல்லையென்றால் உள்ளேயே வைத்துக்கொண்டு கிழவனாகலாம்.

உங்கள் அம்மாதான் முடித்து வைத்தாள். "பசங்களுக்கு மீசை முளைச்சுடுச்சு. இன்னும் கோவளம் போகலைங்க."

அடுத்த ஞாயிறு நானும் பாயுமே அந்தப் படியை இடித்தோம். அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார், பார்க்கக்கூடாது என்று. நீங்கள் பின்னால் ஏறிக்கொண்டீர்கள். பாய் ஏறவில்லை. "பட்டறையில வேலை கீது" என்றார். அன்றைக்குப் பட்டறை லீவு.

மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போனோம். எஞ்சின் சூடு முழங்காலைச் சுட்டது. உங்கள் அம்மா புடவைத் தலைப்பை நனைத்துக் கால்மேல் போட்டுக்கொண்டாள். பின்னால் வந்த பஸ்காரர் ஆரன் அடித்து, தாண்டிப் போகும்போது ஜன்னலில் தலையை நீட்டி, "இன்னா சார், பார்டருக்கா?" என்று கத்தினார். நீங்கள் சல்யூட் அடித்தீர்கள்.

கோவளத்தில் நீங்கள் மூன்று பேரும் குதித்துத் தண்ணீருக்கு ஓடிவிட்டீர்கள். நான் இறங்கவில்லை. சூடாக இருக்கும்போது நிறுத்தினால் அந்த எஞ்சின் மறுபடி பிடிக்காது. ஆக்சிலேட்டரில் காலை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து படகுகளின் முதுகுதான் தெரிந்தது. "அப்பா, வாங்கப்பா" என்று நீங்கள் கூப்பிட்டது காதில் விழுந்தது. கையை மட்டும் ஆட்டினேன். நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னீர்கள். கோபம் இல்லை. சொன்னதெல்லாம் நடக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் உங்கள் அம்மா ஈரக்காலோடு வந்து பக்கத்தில் ஏறிக்கொண்டாள். வறுத்த மீன் வாங்கி வந்திருந்தாள். முள் எடுத்து என் வாயில் வைத்தாள், கை ஸ்டீயரிங்கில் இருந்ததால். "ஓடுதுங்க" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியைப் பற்றி அவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

திரும்பி வரும்போது மேஸ்திரி பூச்சு முடித்து, படிமேல் ஈரச் சாக்கு போட்டிருந்தார். லாரியைப் பெரிய ரோட்டில் டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைத்த பிறகும் காது இரைந்துகொண்டே இருந்தது. நீங்கள் மணல் ஒட்டிய காலோடு வீட்டுக்கு நடந்தீர்கள்.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். பேசி வைத்தபடி அந்த ஷூட்டிங் வண்டிக்காரர் லாரியை எடுக்க ஆளோடு வந்தபோது நான் இல்லை. உங்கள் அம்மாதான் ஹேண்டிலை எடுத்துக் கொடுத்து, "முதல்ல சோக்கை இழுத்துட்டு அப்புறம் சுத்துங்க, இல்லன்னா கையை அடிக்கும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.