கூடாரத்தில் படுத்துப் பார்த்தவர்

அரையாண்டு விடுமுறை தொடங்கிய நாள் காலையில், கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பில் விளக்கு மாட்டப் போயிருந்தேன். விருந்தினர் வந்து தங்குவதற்காக அங்கே பத்துக் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். அந்த இடத்தை நடத்துகிறவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். ஒல்லியான, வெயிலில் கறுத்த உடம்பு. இழுத்துச் செருகிய நூல் சேலை.

ஒவ்வொரு கூடாரத்திலும் மெத்தை போடுவதற்கு முன்பு, அவர் உள்ளே போய் வெறும் விரிப்பின் மேல் மல்லாந்து படுத்துப் பார்த்தார். ஏழாவது கூடாரத்தில் படுத்தவர் உடனே எழுந்து வெளியே வந்தார்.

"அடியில சரளைக் கல்லு குத்துது. பிரிச்சு அங்கிட்டுப் போடுங்க," என்றார்.

வேலையாளுக்கு அலுப்பு. "மதியம் ஆளுக வந்துருவாகக்கா. மெத்தை போட்டா அவுகளுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றவர், முளைக்குச்சிகளைத் தாமே பிடுங்கத் தொடங்கினார். நானும் ஏணியை விட்டு இறங்கிக் கைகொடுத்தேன். மண் மெத்தென்று இருந்த இடமாகப் பார்த்துக் கூடாரத்தை மாற்றினோம்.

கடைசி முளையை அவர் அடித்துக்கொண்டிருந்தபோதே முதல் கார் வந்துவிட்டது. இறங்கியவர் அவரைத் தாண்டி என்னிடம் வந்து, "சார், நீங்கதான் ஓனரா?" என்று கேட்டார்.

அந்த அம்மா சுத்தியலைக் கீழே வைத்தார். செம்மண் அப்பிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நாந்தாங்க ஓனரு. வாங்க, வாங்க. ஒங்களுக்கு எடம் ரெடியா இருக்கு."

எத்தனையோ பெரிய வீடுகளில் விளக்கு மாட்டியிருக்கிறேன். 'நான்தான்' என்ற சொல்லை அவ்வளவு நிறைவாகச் சொன்ன ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.