வெந்நீர் நிரப்பிய கையுறைகள்

எனக்குக் கல்யாணமான மறுவருடம் அது. ஐப்பசி அடைமழை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனது எனக்காக இல்லை, என் வீட்டுக்காரர் காலுக்காக. பழவேற்காடு ஏரியில் வலைக்கழியைச் சரிபண்ண இறங்கியவர் திருக்கை மீனை மிதித்துவிட்டார். முள் குதிகாலில் ஏறிவிட்டது. கலங்கின தண்ணீரில் இறங்காதே என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தேன். என் பேச்சைக் கேட்டால் அவருக்குக் கிரீடம் இறங்கிவிடும். ஏழு மாத வயிற்றோடு, டச்சுக்காரர் கல்லறைப் பக்கம் நின்று ஷேர் ஆட்டோ பிடித்து, வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே போனேன்.

அவசரப் பிரிவில் இருந்த நர்ஸம்மாவுக்கு நடுத்தர வயது இருக்கும். திருக்கை முள்ளுக்கு வெந்நீர்தான் கேட்கும் என்று வாசல் டீக்கடையில் சொல்லி வரவழைத்து, பொறுக்கிற சூட்டில் காலை அமிழ்த்தினார். ஆட்டோவில் அலறிக்கொண்டு வந்தவர் அடங்கினார். தண்ணீர் ஆறினால் வலி திரும்பிவிடும் என்பதால் டீக்கடைக்காரர் குண்டான் குண்டானாகக் காய்ச்சிக் கொண்டுவந்தார்.

எனக்கும் காலையிலிருந்தே இடுப்பு வலி. ஆட்டோ குலுக்கியதில் கூடிவிட்டது என்று நினைத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோது தரையெல்லாம் தண்ணீர். குண்டானைத் தட்டிவிட்டேனோ என்று குனிந்து பார்த்தேன். நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்தார்.

“எத்தினி மாசம்மா?”

“ஏழு.”

பிரசவ வார்டு பின்கட்டிடத்தில் இருந்தது. அங்கே தள்ளிக்கொண்டு போகலாம் என்று படுக்க வைப்பதற்குள் தலை தெரிந்துவிட்டது. “பயப்படாத. வாயால மூச்சு விடு. என்னையே பாரு” என்றார் நர்ஸம்மா. அவரையேதான் பார்த்தேன். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை மட்டும். டாக்டர் வருவதற்குள் மகன் பிறந்துவிட்டான். அவன் அழவில்லை, முனகினான். என் முழங்கை நீளம்கூட இல்லை.

சூடு குறையாமல் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால் பிழைக்க வழி உண்டு என்று சொல்லி டாக்டர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ரோட்டில் வெள்ளம், வண்டி சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். பிள்ளையைச் சூடாக வைக்கிற மெஷின் ஆஸ்பத்திரியில் இருந்தது. ஆனால் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டருக்குள்ளும் மழைத்தண்ணீர்.

நர்ஸம்மா என் ரவிக்கையைத் திறந்து, பிள்ளையை வெறும் மார்பில் போட்டார். தலையைப் பஞ்சால் மூடினார். ரப்பர் கையுறைகளில் வெந்நீரை ஊற்றி, முடிச்சுப் போட்டு, துணியில் சுற்றி அவனுக்கு இரண்டு பக்கமும் அணைத்து வைத்தார். அடுத்த குண்டான் வந்தபோது திரைக்கு அந்தப் பக்கமிருந்து என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

“எனுக்கு வாணாம் சிஸ்டர். மொத்தத்தையும் அவனுக்கு ஊத்துங்க.”

“வலி ஏறும்பா.”

“ஏறட்டும்.”

அதற்கப்புறம் அங்கிருந்து சத்தமே இல்லை. துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. வழியெல்லாம் அந்த மனுஷனைத் திட்டியதை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

பிள்ளையின் முதுகில் கை வைத்திருந்தேன். மூச்சு நின்று நின்று வந்தது. “வண்டி வந்துடும் நைனா, இரு நைனா” என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் என் விரலுக்கு எதுவும் தெரியவில்லை. நர்ஸம்மா ஸ்டெத்தை வைத்துக் கேட்டார். டாக்டரும் வந்து கேட்டுவிட்டு, தலையை ஆட்டினார்.

“பையன் போயிட்டாம்மா” என்றார் நர்ஸம்மா. சுற்றி வளைக்காமல், என் தலையில் கை வைத்துச் சொன்னார். பிறகு டீக்கடைக்காரரிடம் இன்னொரு குண்டான் கேட்டார். ஆறிப்போன கையுறைகளை எடுத்துவிட்டு, புதிதாக வெந்நீர் ஊற்றி வைத்தார்.

“இன்னாத்துக்கு சிஸ்டர் இனிமே?”

“உன் கையில அவன் சில்லுனு ஆவக் கூடாதும்மா. போதும்னு நீ சொல்ற வரைக்கும் வெச்சிரு.”

ஆம்புலன்ஸ் வந்து வெறுமனே திரும்பியது. என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு வந்து, பிள்ளையின் கைக்குள் தன் விரலை வைத்தார். “சூடாத்தான் கீறான்” என்றார். நான் போதும் என்று சொல்லும்வரை நர்ஸம்மா கையுறைகளை மாற்றிக்கொண்டே இருந்தார்.

ஏரிக்கரையில் புதைத்தார்கள். டச்சுக்காரர் கல்லறையில் யார் யாருக்கோ பெயர் செதுக்கிய கல் நிற்கிறது. என் மகனுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, அவன் மேல் போட்ட மண்ணும் அந்த மழையிலேயே கரைந்துவிட்டது.

அப்புறம் எனக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், வளர்ந்தும் விட்டார்கள். ஆனாலும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கை தானாக மார்புக்குப் போய்விடுகிறது. அவனைக் காப்பாற்ற அன்று யாராலும் முடியவில்லை. ஆனால் என் மகனைக் குளிர்ந்த உடம்பாக நான் ஒரு கணமும் தொடவில்லை, அந்த அம்மா தொடவிடவில்லை என்பதை நினைத்துத்தான் இன்றுவரை மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.