மடியில் மகனின் செருப்பு

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த ஃபிசியோதெரபி நிலையத்துக்கு, தோள் வலிக்காகப் போய்வந்த நாட்களில்தான் அந்த அம்மாவைக் கண்டேன். மெலிந்த உடம்பு, இறுக்கி முடிந்த நரைக் கொண்டை. உள்ளே பயிற்சி செய்யும் மகனின் செருப்புகளைப் பையில் சுற்றி மடியில் வைத்திருப்பார். கதவு திறக்கும்போதெல்லாம் பாதி எழும்புவார். வேறு யாராவது வந்தால் மறுபடி உட்காருவார்.

மகனுக்கு முப்பது வயதிருக்கும். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த அடி.

"வேலை செய்த கந்தோரில எல்லாரோடயும் சிங்களம்தான் கதைச்சவன், தம்பி. இப்ப அதுதான் முதல்ல திரும்பி வந்திருக்கு. தமிழ் சொன்னா விளங்குதில்லை. எனக்கெண்டா கடைச் சிங்களம் மட்டும்தான் தெரியும்" என்றார்.

ஒருநாள் என் பக்கம் சாய்ந்து, "'நான் ஆர்?' எண்டு சிங்களத்தில எப்பிடிக் கேக்கிறது?" என்று மெல்லக் கேட்டார்.

"'மம கவுத?' எண்டு கேளுங்கோ, அன்ரி."

வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்தார். மகன் ஊன்றுகோலுடன் வெளியே வந்தான். அவர் குனிந்து செருப்பை மாட்டிவிட்டார்.

"ஸ்தூதி, அன்ரி."

நான் அவரைக் கூப்பிடும் அதே மரியாதையோடு, மகன் அவருக்கு நன்றி சொன்னான்.

அவர் நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தார். உதடுகள் அசைந்தன.

"தே பொனவத?" தேத்தண்ணி குடிக்கிறாயா என்று மட்டும் கேட்டார்.

அடுத்த கிழமை, 'நான் ஆர்?' என்று கேட்கும் அந்த வசனம் மறந்துவிட்டது என்றார். முதல்முறை சொல்வதைப் போலவே நானும் சொல்லிக்கொடுத்தேன்.