ஷாரோனுக்குப் புரியாத வாக்கியம்

ஷாரோன் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகால் கிராமத்துப் பெண். அவள் பிளஸ் டூ முடித்த வருஷம் வீட்டுக்கு எதிரே இருந்த வயலில் ஒரு கம்பெனி எழும்பியது. அதிலேயே வேலையும் கிடைத்தது. லைனில் நின்று செல்போனுக்குள் போகும் பொடித் தகடுகளைப் பொருத்தும் வேலை. கை மெதுவாகவும் வாய் வேகமாகவும் ஓடுகிறது என்று சூப்பர்வைசர் அவளை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். எங்கே நிறுத்தினாலும் பக்கத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, நைட் ஷிப்ட் ஒத்துவராமல் போனதும் அவளாகவே நின்றுவிட்டாள்.

அந்த வாய்தான் பிறகு அவளுக்குச் சோறு போட்டது. வெளிநாட்டு எஞ்சினியர்கள் தங்கும் கெஸ்ட் ஹவுஸ் ஒன்று ஒரகடத்தில் இருக்கிறது. வரவேற்பில் உட்காரும் வேலை கேட்டுப் போனவளை, ஞாயிற்றுக்கிழமைகளில் விருந்தினர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பழைய ஊரைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள்.

"சார், நான் சர்ச்சுக்குப் போற பொண்ணு. கோயிலப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?"

"கேட்டுக் கத்துக்கோம்மா. பேசத் தெரியுதில்ல, அது போதும்" என்றார் மேனேஜர்.

கேட்டாள். மாடவீதி வீடுகளில் கேட்டாள், கோயில் வாசலில் பூ விற்கும் சின்னப்பொண்ணுவிடம் கேட்டாள். ராமானுஜர் தன் உருவச்சிலையை ஆரத் தழுவித் தன் சக்தியை அதற்குள் வைத்துவிட்டுப் போன கதை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தன் வேதத்தில் வருகிற கதையைச் சொல்வதுபோல அதை உருகிச் சொல்வாள். சொல்வது தமிழும் லைனில் பழகிய இங்கிலீஷும் கலந்த ஒரு பாஷை. ஜப்பான்காரர்கள் வந்தால் ஹேமந்த் கூட வருவான். சென்னையில் ஜப்பானிய மொழி படித்துவிட்டு ஒரு கம்பெனியில் மொழிபெயர்க்கும் பையன். அவள் நாலு வார்த்தை சொல்வாள், அவன் அதை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

போன கோடையில் ஒரு ஞாயிறு. வந்தவர்களில் மியாகே என்பவர் வயதானவர். ஓய்வு பெற்ற பிறகும், புது மெஷினை ஓட்டிக் காட்டுவதற்காக வரவழைக்கப்பட்டவர். குளிர்காலத்தில் இங்கே ராமானுஜருக்கு வெந்நீரில் திருமஞ்சனம் செய்வார்கள், போர்வை போர்த்துவார்கள் என்று ஷாரோன் சொன்னபோது அவர் மட்டும் நின்று இன்னொரு முறை கேட்டார். ஹேமந்த் திரும்பச் சொன்னதும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அதற்கப்புறம் அவர் அவள் பக்கத்திலேயே நடந்தார்.

மேற்கு மாடவீதி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. மற்றவர்கள் இளநீர் குடிக்க ஹேமந்தோடு முன்னால் போய்விட்டார்கள். மியாகே ஒரு வீட்டு வாசல் கோலத்தைப் படம் எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்தவரின் முகம் வெளுத்திருந்தது. அந்த வீட்டுப் படியில் மெல்ல உட்கார்ந்தார். ஷாரோன் குடையை அவர் பக்கம் சாய்த்து, "வாட்டர் சார்? வாட்டர்?" என்றாள்.

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எதையோ சொன்னார். சின்ன வார்த்தை இல்லை, ஒரு முழு வாக்கியம். அவள் விழிப்பதைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி அதையே மறுபடி சொன்னார்.

"ஹேமந்து! டேய் ஹேமந்து! ஓடியாடா!"

அவள் கத்திய கத்தலில் சின்னப்பொண்ணு பூக்கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தாள். ஹேமந்த் வருவதற்குள் மியாகேயின் தலை ஷாரோனின் தோளில் சாய்ந்துவிட்டது. பிடித்த கை மட்டும் விடவில்லை. ஆம்புலன்ஸ் தாமதமில்லாமல்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், இந்த மாதிரி மாரடைப்புக்கு யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஷாரோனுக்கு அதில் ஆறுதல் எதுவும் கிடைக்கவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மியாகேயின் மகள் வந்திருக்கிறாளாம். பெயர் சிஹாரு. அப்பா நடந்த வழியில் தானும் நடக்க வேண்டுமாம்.

"வேற யாரையாச்சும் அனுப்புங்க சார்."

"அன்னைக்கு அவர் கூட இருந்தது நீதானேம்மா."

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போனாள்.

சிஹாருவுக்கு ஷாரோனின் வயதுதான் இருக்கும். பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டிருந்தாள். மொழிபெயர்க்க ஹேமந்தும் வந்திருந்தான். ஷாரோன் வழக்கம்போல ராஜகோபுரத்திலிருந்து ஆரம்பித்தாள். வெந்நீர்க் கதையைச் சொல்லும்போது அப்பா சிரித்ததையும் சொன்னாள். சிஹாரு அந்த இடத்தில் நின்று, எந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தார் என்று கேட்டாள். ஷாரோன் கை காட்டினாள்.

அந்த வீட்டுப் படிக்கு வந்தார்கள். சிஹாரு ஈரத்தைப் பார்க்காமல் அதில் உட்கார்ந்தாள். பிறகு ஒன்று கேட்டாள். ஹேமந்த் அதைத் தமிழில் சொல்லத் தயங்கினான்.

"கடைசியா அவரு எதுனா சொன்னாரான்னு கேக்குறாங்க அக்கா."

ஷாரோன் இதற்குத்தான் பயந்திருந்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் இரண்டு தடவை சொன்னாரே, நிறுத்தி நிறுத்திச் சொன்னாரே. கோடையிலிருந்து அவள் பாத்திரம் கழுவும்போதும் ஷேர் ஆட்டோவில் போகும்போதும் அந்தச் சத்தத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிக் காப்பாற்றி வைத்திருந்தாள். இப்போது அதைச் சத்தமாகச் சொன்னாள்.

சிஹாரு முன்னால் சாய்ந்தாள். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். புரியவில்லை என்று தலையசைத்தாள்.

"அக்கா, நடுவுல 'த்தே'ன்னு வருதே, அது 'மத்தே'வா? அப்படின்னா 'இரு'ன்னு அர்த்தம். 'கத்தே'ன்னா 'வாங்கி'. 'காஎத்தே'ன்னா 'திரும்பி'. எது?"

"தெர்லடா. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது."

"நல்லா யோசிங்க."

யோசித்தாள். யோசிக்க யோசிக்க அந்த வாக்கியம் தமிழாகிக்கொண்டே வந்தது. காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டோமோ என்று அவளுக்குத் திக்கென்றது. இன்னொரு முறை சொன்னபோது முதலில் சொன்னது மாதிரியே இல்லை. சிஹாருவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தாள்.

அப்போது ஹேமந்த் சிஹாருவிடம் ஏதோ பேச ஆரம்பித்தான். நீளமாக, மெதுவாகப் பேசினான். சிஹாருவின் வாய் கோணியது. எழுந்து வந்து ஷாரோனின் இரண்டு கைகளையும் பிடித்து அதில் நெற்றியை வைத்து அழுதாள். எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள். நன்றியாகத்தான் இருக்க வேண்டும்.

"இன்னா சொன்ன ஹேமந்து?"

"ஒண்ணும் இல்லக்கா."

"இன்னா சொன்னன்னு கேக்குறேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "'திரும்பி வூட்டுக்குப் போறேன், மக காத்துகினு இருப்பா'ன்னு சொன்னாராம், உங்களுக்கு இப்பதான் ஞாபகம் வந்துச்சுன்னேன்."

"அடப்பாவி! நான் எங்க அப்படி சொன்னேன்? அவரு இன்னா சொன்னாரோ!"

"அப்போ இல்லன்னு சொல்லட்டுமா? நீங்க சொல்லுங்க, இப்பவே மாத்திச் சொல்லிடறேன்."

ஷாரோன் தன் கைகளின்மேல் குனிந்திருந்த தலையைப் பார்த்தாள். வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை, சொல் என்றும் வரவில்லை. அவளே சொல்லலாம் என்றால் அதற்கு அவளிடம் பாஷை இல்லை. இங்கிலீஷில் "நோ மேடம்" என்று தொடங்கினாள். சிஹாரு நிமிர்ந்து, நனைந்த கண்களோடு அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஷாரோன் கையை விடுவித்து, அவள் மழைக்கோட்டின் தொப்பியைத் தலைமேல் இழுத்துவிட்டாள்.

சிஹாரு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹேமந்திடம் ஏதோ கேட்டாள்.

"அப்பா பாக்காம விட்ட மிச்சத்தையும் பாக்கணுமாம்க்கா."

குளத்துப் பக்கம் திரும்பினார்கள். மழை வலுத்துக்கொண்டிருந்தது. ஷாரோன் குளத்தின் கதையை ஆரம்பித்தாள், நாலு வார்த்தை சொல்லி நிறுத்தினாள். ஹேமந்த் பேசினான். அவள் சொன்னதைவிட அவன் சொன்னது நீளமாக இருந்ததுபோலத் தோன்றியது. சிஹாரு ஆர்வமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஷாரோன் அடுத்த நாலு வார்த்தையைச் சொன்னாள்.