பூனைக்காகக் கேட்டேன்

அன்று எங்கள் காம்பரா வாசலில் இருந்தவர்கள் இவர்கள். என் வீட்டுக்காரர் ராமையா, கையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி. பக்கத்துக் காம்பரா முனியாண்டி அண்ணன், சேற்றில் குப்புற. அவர் சம்சாரம் லெட்சுமி அக்கா. என் இடுப்பில் தவழ்கிற வயசு மகள். படியில் எங்கள் பூனை வெள்ளச்சி, செத்து. பிறகு நான்.

மாரியம்மனை நம்புகிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

லுணுகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். வரிசை வீடுகளை லயம் என்போம், அதில் ஒரு வீட்டு அறைதான் காம்பரா. பஞ்சம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. பஞ்சத்தில் எங்கள் மூத்த மகன் போய்விட்டான். அதற்கப்புறம் வீட்டுக்காரர் பேசுவதையே விட்டுவிட்டார், சாராயத்தைப் பிடித்துக்கொண்டார். மழையில் நனைந்துகொண்டு ஒரு வெள்ளைக் குட்டி வந்தது. அதோடுதான் முதலில் பேசினார். அப்புறம்தான் என்னோடு. ரொட்டியில் பாதி அதற்குத்தான்.

ஆடி மாதம், வியாழக்கிழமை காலையில் வெள்ளச்சி எச்சில் வடிய வந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கு வெந்து தோல் உரிந்திருந்தது. பால் வைத்தேன். குடிக்கப் போய் அலறியது. தொட்டால் கடித்தது. என் மணிக்கட்டில் பல் இறங்கியது. சுவரில் போய்ப் போய் மோதியது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போனேன். மனுசனுக்கே மருந்து இல்லை, பூனைக்கா என்று சிரித்தார்கள்.

கோயிலுக்குப் போனேன். வெள்ளச்சியைக் காப்பாற்று, மாவிளக்குப் போடுகிறேன் என்று விழுந்து கும்பிட்டேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் அது இழுத்து இழுத்துச் செத்தது. அம்மனுக்குக் காது இல்லை என்று நினைத்தேன். வாயாலும் சொன்னேன்.

வேலை விட்டு வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். பூனையைத் தூக்கவில்லை. அதன் வாயை மட்டும் பார்த்தார்.

முந்தின வாரம் வெள்ளச்சி முனியாண்டி அண்ணன் வீட்டுக் கோழிக்குஞ்சு ஒன்றைப் பிடித்துவிட்டது. அண்ணன் லயமே கேட்கக் கத்தினார். "ஒம் பூனைக்கு ஒரு நாளைக்கு வெசம் வச்சுப்புடுறேன் பாரு ராமையா." எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். இப்போது அந்த வார்த்தை அவருக்குள் எழும்பியது எனக்குத் தெரிந்தது.

கூரை ஓரத்து இறப்பில் செருகியிருந்த கத்தியை உருவினார். பக்கத்துக் காம்பராவுக்குள் போய் அண்ணனைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தார். முதல் வெட்டு நிலைக்கட்டையில் இறங்கியது. இரண்டாவது அண்ணனின் முழங்கையைக் கிழித்தது. என் முகத்திலும் பிள்ளை மேலும் ரத்தம் தெறித்தது. லெட்சுமி அக்கா காலைக் கட்டிப் பிடித்தாள். உதைத்துத் தள்ளினார். அண்ணனைச் சேற்றில் சாய்த்து முதுகில் முழங்கால் வைத்தார்.

"வச்சியாடா? எம் புள்ளைக்கு வச்சியா?"

பிள்ளை என்றுதான் சொன்னார்.

எனக்கு அப்போது பூனை நினைவே இல்லை. "ஆத்தா, அந்தக் கையப் புடி" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

கழுத்து தெரிய வேண்டும் என்று அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பழைய சட்டை. காலரிலிருந்து இடுப்பு வரை கிழிந்து கையோடு வந்தது. ஓங்கின கத்தி அப்படியே நின்றது.

அண்ணன் முதுகில் தோல் இல்லை. வெந்து, வெளுத்து, உரிந்து கிடந்தது. வெள்ளச்சியின் நாக்கு எப்படி இருந்ததோ அப்படியே.

அண்ணன் சேற்றில் வாயை வைத்துக்கொண்டே சொன்னார். "டாங்கி ஒழுகுதுடா. புல்லு மருந்து. நீயுந்தான தூக்குன. ஒனக்குக் கம்பளி இருந்துச்சு, எனக்கு இல்ல. ஒம் படங்க எடுத்துப் பாரு."

புல்லைக் கொல்ல மருந்து அடிக்க இவர்கள் இருவருக்கும் ஒரே டாங்கி. மாறி மாறிச் சுமப்பார்கள். முதுகை அறுக்காமல் இருக்கச் சாக்கை மடித்துப் போட்டுக்கொள்வார்கள். அதைத்தான் படங்கு என்போம். வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கு மேலே காயப் போடுவோம். காய்ந்ததும் பிள்ளையின் பாய்க்கு அடியில் விரிப்போம். தரை சில்லிடும். எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

புதன்கிழமை ராத்திரியும் விரிக்கத்தான் எடுத்தேன். வெள்ளச்சி அதில் சுருண்டுகொண்டது. எழுப்பினால் சீறியது. கிடக்கட்டும் என்று பிள்ளைக்குப் பழைய சேலையை விரித்தேன். சாக்கில் படுத்த பூனை உடம்பை நக்கித்தானே இருக்கும்.

இதைச் சொன்னேன். வீட்டுக்காரர் கத்தியைக் கீழே போட்டார். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி உடம்பு முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்புறம் ஊளை மாதிரி ஒரு சத்தம் போட்டார். மகன் செத்த அன்று கூட அழாதவர்.

லெட்சுமி அக்கா அவர் கன்னத்தில் அறைந்தாள். அவர் நின்று வாங்கிக்கொண்டார். பிறகு அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு இறங்கினார். முழங்கைக்குத் தையல் போட்டார்கள். எப்படி வெட்டு என்று கேட்டதற்கு, கவ்வாத்து வெட்டும்போது தவறிவிட்டது என்று அண்ணனே சொன்னார். வெள்ளச்சியை அந்தப் படங்குச் சாக்கோடு சேர்த்துப் புதைத்தோம்.

நான் மாவிளக்குப் போட்டேன். பூனைதான் செத்துப்போச்சே, எதுக்கு நேர்த்தி என்று பூசாரி கேட்டார்.

"அந்தக் கையப் புடிச்சாளே சாமி" என்றேன்.

வீட்டுக்காரர் அதோடு சாராயத்தை விட்டார். அண்ணன் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள். இன்றைக்கும் வெள்ளச்சியை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அம்மனிடம் அதையும் சொல்லுவேன். நீங்களும் கேளுங்கள். கேட்டதைக் கொடுக்கவில்லை என்றால் திட்டிவிட்டாவது மறுபடி கேளுங்கள். அவள் வேறு பக்கம் வேலையாக இருப்பாள்.

அந்த வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை, நானும் லெட்சுமி அக்காவும் மேல் லயம், கீழ் லயம் இரண்டுக்கும் வீடு வீடாகப் போனோம். பிள்ளைகளைத் தூக்கிவிட்டு, பாய்க்கு அடியில் கிடந்த மருந்துப் படங்குகளை உருவி எடுத்தோம். அதில் படுத்திருந்த பிள்ளைகள் ஒன்பது.